அளவுகாரர் மகன்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், எனக்கு யாரையும் சுலபத்தில் நம்பிவிடுகிற சுபாவம் கிடையாது. முப்பது வருஷத்துக்கு மேல் அரசாங்க ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்தவள் நான். பழைய மருந்தைப் புது மருந்து என்று அனுப்புகிற ஸ்டோர்காரனிலிருந்து, வலியே இல்லை என்று சொல்லிவிட்டுத் தலையணையைக் கடித்துக்கொண்டு படுத்திருக்கிற நோயாளி வரை எல்லோரும் என்னிடம் பொய் சொல்லியிருக்கிறார்கள். நூர்ஜஹான் சிஸ்டர் காதில் பூச்சுற்ற முடியாது என்று வார்டில் எனக்குப் பேர். அப்படிப்பட்ட எனக்கே வைத்தியலிங்கம் எப்படிப்பட்ட ஆள் என்று புரிய வருஷக்கணக்கில் ஆயிற்று. புரிந்ததா என்பதே சந்தேகம்தான்.

ஆஸ்பத்திரியின் பெயர் வேண்டாம். தஞ்சாவூர் ஜில்லாவில் ஒன்று என்று வைத்துக்கொள்ளுங்கள். இன்னும் பென்ஷன் வாங்குகிறேன், எதற்கு வம்பு! எண்பதாம் வருஷத்துக்குக் கொஞ்சம் முன்னே பின்னே அங்கே புற்றுநோய்க்குக் கதிர் வைக்கிற கோபால்ட் மிஷின் வந்தது. ஜனங்கள் அதற்குக் ‘கரண்ட் வைக்கிறது’ என்று பேர் வைத்தார்கள். மந்திரி வந்து திறந்தார். தெருவெல்லாம் கட்சிக் கொடி, வளைவு, மேளம். கல்வெட்டில் யார் யார் பேரோ இருந்தது. அந்த மிஷினை வைத்துக்கொண்டு வேலை செய்யப்போகிறவன் யார் என்று அன்றைக்கு ஒருத்தரும் கேட்கவில்லை.

இரண்டு மாசம் கழித்து ஒரு தகரப் பெட்டியோடு வைத்தியலிங்கம் வந்தார். மெலிந்த மனிதர், சலவை காணாத புஷ் ஷர்ட். திருவையாற்றில் வாடகை வீடு, டவுன் பஸ்ஸில் வருவார். டாக்டரா என்றால் டாக்டர் இல்லை. கம்பவுண்டரும் இல்லை. பௌதிகம் படித்துவிட்டு, பம்பாயில் போய் ஒரு வருஷம் இதற்கென்றே தனியாகப் பயிற்சி எடுத்தவராம். மருத்துவ இயற்பியலாளர் என்று கதவில் பலகை மாட்டினார்கள். அதைப் படித்துவிட்டு ஜனங்கள் எதற்கும் இருக்கட்டும் என்று ஒரு கும்பிடு போட்டுவிட்டு நகர்ந்தார்கள்.

அவர் வேலை என்னவென்று எனக்கே பிறகுதான் விளங்கியது. உடம்பில் இன்ன இடத்துக்கு இவ்வளவு கதிர் போய்ச் சேரவேண்டும் என்று டாக்டர் சொல்வார். அவ்வளவு சேர மிஷினை எத்தனை நேரம் திறந்து வைக்கவேண்டும் என்று இவர் கணக்குப் போட்டுக் கொடுப்பார். ஆளுக்கு ஆள் உடம்பின் கனம் மாறும், நேரமும் மாறும். மிஷினுக்குள் இருக்கிற கோபால்ட் மாசாமாசம் வலு குறைந்துகொண்டே வரும், அதற்கும் நேரத்தைத் திருத்தவேண்டும். டெக்னீஷியன் துரைராசு அந்த நேரத்தை வைத்து மிஷினை ஓட்டுவான்.

ஞாயிற்றுக்கிழமைகளில் வைத்தியலிங்கம் மிஷின் அறையைப் பூட்டிக்கொண்டு உள்ளே இருப்பார். குடம் குடமாகத் தண்ணீர் போகும். எனக்கு மூக்கு வியர்த்துவிட்டது. ஒரு ஞாயிற்றுக்கிழமை கதவைத் தட்டி உள்ளே போனேன். கண்ணாடித் தொட்டி நிறையத் தண்ணீர், அதற்குள் பென்சில் மாதிரி ஒன்றைத் தொங்கவிட்டு, ஒயரின் மறுமுனையில் மீட்டரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“என்ன சார், தண்ணிக்கா கரண்ட் வைக்கிறீங்க? தண்ணிக்கு என்ன சீக்கு?”

“மனுஷன் உடம்புல முக்கால்வாசி தண்ணிதானே சிஸ்டர். மனுஷனுக்கு வைக்கறதுக்கு முன்னாடி தண்ணிக்கு வச்சு அளந்து பாத்துக்கறேன்.”

“புது மிஷினு. வெளிநாட்டுக்காரன் செஞ்சு அனுப்பினது. அதையுமா சந்தேகப்படுவீங்க?”

“அதுக்குத்தானே எனக்குச் சம்பளம்.”

சிரிக்காமல் சொன்னார். என்னைத் தூக்கிச் சாப்பிடுகிற சந்தேகப் பேர்வழி! நான் மனுஷர்களைத்தான் சந்தேகப்படுவேன். இவர் மீட்டரை, அறையின் வெப்பமானியை, சுவர்க் கடிகாரத்தை, எல்லாவற்றுக்கும் மேல் தன்னையே சந்தேகப்பட்டார். ஒரு நோயாளிக்குச் சாயந்திரம் போட்ட கணக்கை மறுநாள் காலையில் வேறு காகிதத்தில் முதலிலிருந்து போடுவார். ஏன் சார் இந்தப் பாடு என்று கேட்டால், “நேத்துப் போட்ட ஆளை நம்பக்கூடாது” என்பார்.

“ஒருத்தன் போட்ட கணக்கை இன்னொருத்தன் பாக்கணும் சிஸ்டர். நானே போட்டு நானே பாத்தா என் தப்பு எனக்கு அழகாத்தான் தெரியும். இந்த வேலைக்குக் குறைஞ்சது ரெண்டு ஆள் வேணும்.”

அதைத்தான் மேலிடத்துக்கும் மாசம் தவறாமல் எழுதினார். ஒரு மிஷினுக்கு ஒரு ஆள்தான் இருக்கிறாரே, இன்னொருவர் எதற்கு என்று பதில் வந்தது. சும்மா பதில் மட்டும் வரவில்லை. பக்கத்து ஜில்லாவில் இன்னொரு மிஷின் வைத்திருக்கிறோம், அங்கே ஆள் இல்லை, வாரத்தில் பாதி நாள் நீரே போய் அதையும் பார்த்துக்கொள்ளும் என்று உத்தரவும் சேர்ந்து வந்தது. இரண்டாவது ஆளைக் கேட்டவருக்கு இரண்டாவது ஆஸ்பத்திரியைக் கொடுத்தார்கள். எனக்கு வயிறு எரிந்தது. அவர் உத்தரவை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு பஸ் நேரம் விசாரிக்கப் போய்விட்டார்.

இந்த நிலைமையில்தான் சுந்தரி வந்து சேர்ந்தாள். கீழ்வேளூர்ப் பக்கம், நடவு ஆள். நாற்பது வயசுகூட இருக்காது. கர்ப்பப்பை வாயில் புற்று. ஊதினால் விழுகிற மாதிரி உடம்பு, ஆனால் வாய் மட்டும் ஓயாது. வார்டில் இருக்கிற அத்தனை பேருக்கும் இரண்டே நாளில் உறவுக்காரி ஆகிவிட்டாள். பெரிய டாக்டர் நாகநாதன் பரிசோதித்துவிட்டு அவள் புருஷனைக் கூப்பிட்டுச் சொன்னார்: “நல்ல நேரத்துல கூட்டிட்டு வந்திருக்கே. இன்னும் பரவலை. கரண்டைச் சரியான அளவுல முழுசா வச்சுட்டா பொழைச்சுக்குவா.” எங்கள் வார்டில் பிழைத்துக்கொள்வாள் என்று டாக்டர் வாயால் கேட்பது லேசுப்பட்ட விஷயமில்லை. சுந்தரி அன்று முழுக்க அதையே எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தாள்.

புருஷன் வீரையன் விவசாயத் தொழிலாளர் சங்கத்தில் கிளைச் செயலாளர். கூலி நெல் அரை மரக்கால் கூடக் கேட்டு அடி வாங்கியவன், ஜெயிலுக்குப் போனவன், குடிசை எரிந்ததைக் கண்ணால் பார்த்தவன். அவனுக்கு ஒரு கண் எப்போதும் எதிராளியின் கைமேல் இருக்கும். எனக்கு அவனைப் பார்த்த உடனே பிடித்துப்போயிற்று, நம்மைப் போல ஒரு ஆள் என்று.

அதே மாசம் அதே வியாதியோடு கமலாம்பாளும் வந்தாள். திருப்பனந்தாள் பக்கத்து மிராசு வீட்டு அம்மா. கனத்த சரீரம். காரில் வந்து இறங்கி, பெஞ்சின் ஒரு கோடியில் துண்டு விரித்து உட்காருவாள். இந்த ஜில்லாவில் வேறு எங்கே மிஷின் இருக்கிறது? இங்கேதான் வந்தாகவேண்டும். பெஞ்சின் மறுகோடியில் சுந்தரி. நடுவில் இரண்டு ஆள் உட்காருகிற இடம் எப்போதும் காலியாக இருக்கும்.

மிஷின் அறைக் கதவுக்கு மேல் ஒரு சிவப்பு பல்பு. உள்ளே கதிர் வைக்கிற நேரம் முழுக்க அது எரியும், முடிந்ததும் அணையும். வராந்தாவில் காத்திருக்கிற ஜனங்களுக்கு வேறு பொழுதுபோக்கு ஏது? பல்பு எரிந்ததும் எண்ண ஆரம்பிப்பார்கள். களத்தில் நெல் அளக்கிறபோது ஒன்று என்று சொல்லமாட்டார்கள் இல்லையா, அதே மாதிரி, “லாபம், ரெண்டு, மூணு…” என்று எண்ணுவார்கள். அத்தனை பேரும் களத்துமேட்டு ஜனங்கள். நான் முதலில் வேடிக்கையாகத்தான் நினைத்தேன். வீரையன் வேடிக்கைக்கு எண்ணவில்லை.

ஒரு புதன்கிழமை வைத்தியலிங்கம் அறையைவிட்டு வெளியே வந்ததும் மறித்துக்கொண்டான்.

“சார், ஒரு சந்தேகம். அந்தம்மா உள்ள போனா வெளக்கு எரியுது எரியுது எரிஞ்சுக்கிட்டே இருக்கு. எம் பொண்டாட்டி போனா சட்டுனு அணைஞ்சிடுது. நானும் தெனம் எண்ணிக்கிட்டுத்தான் இருக்கேன். ஏன்?”

“அவங்க உடம்பு கனம். கதிர் உள்ள போய்ச் சேர நேரம் பிடிக்கும். உங்க வீட்டுல ஒல்லி, சீக்கிரம் போய்ச் சேர்ந்துடும். உள்ள சேர்ற அளவு ரெண்டு பேருக்கும் ஒண்ணுதாங்க.”

“தின்னு கொழுத்தவங்களுக்கு அதிகம், பட்டினி கெடந்தவளுக்குக் கொறச்சல். அதானே?”

“அப்படி இல்லீங்க…”

“பண்ணையிலயும் இப்படித்தான் சார் வெளக்கம் சொன்னாங்க. நல்லாவே சொன்னாங்க.” பெஞ்சில் இருந்தவர்கள் சிரித்தார்கள். வீரையன் சிரிக்கவில்லை. “ஆமா, சாருக்கு எந்த ஊரு?”

“கீழ்வேளூர்ப் பக்கம்தான்.”

“அட, நம்ம பக்கமா? யாரு மவன்?”

நான் மருந்துத் தட்டோடு அங்கேயே நின்றிருந்தேன். அந்த மனுஷர் ஒரு பொய் சொல்லியிருக்கலாம். பேச்சை மாற்றியிருக்கலாம்.

“காயாரோகணம் மகன். பெரிய பண்ணையில நெல்லு அளந்தாரே, அவரு.”

சிரித்துக்கொண்டிருந்த பெஞ்சு முழுக்கத் திரும்பி அவரைப் பார்த்தது. எனக்கு அப்போது ஒன்றும் புரியவில்லை. சுந்தரிதான் பிறகு சொன்னாள். அளவுகாரர் காயாரோகணம் என்றால் அந்தப் பக்கத்துச் சேரிகளில் பிள்ளைகள்கூட மண்ணை வாரித் தூற்றுமாம். பண்ணைக்கு வரவேண்டிய நெல்லைக் கோபுரமாகக் குவித்து அளப்பார். கூலிக்கு அளக்கிறபோது மரக்காலைத் தலைவழித்து, கட்டைவிரலையும் உள்ளே விட்டுக்கொண்டு அளப்பார். அந்தக் கட்டைவிரல் அடைத்த இடத்து நெல்லைக் கேட்டதற்குத்தான் வீரையனின் அப்பா களத்தில் வைத்துச் செருப்படி பட்டது.

“அப்பன் வெரலை விட்டு அளந்தான்,” என்றான் வீரையன், எல்லோரும் கேட்கும்படி. “மவன் எதை விட்டு அளக்கறானோ!”

அன்று சாயந்திரம் நான் அவர் அறைக்குப் போய் நேராகவே கேட்டேன். “சார், அவன் சொல்றது நெசமா?”

“நெசம்தான் சிஸ்டர். நானே பாத்திருக்கேன். அந்த நெல்லுலதான் நான் படிச்சேன்.”

எனக்கு அவர்மேல் இரக்கம் வந்திருக்கவேண்டும். சந்தேகம்தான் வந்தது. பெற்ற அப்பனைப் பற்றி இப்படி முகத்துக்கு நேரே ஒத்துக்கொள்கிறவன் யோக்கியனா, இல்லை யோக்கியன் என்று நம்ப வைக்கத் தெரிந்த ஆளா? சுந்தரியின் கணக்கு சரிதானா என்று நான் யாரிடம் போய்க் கேட்பது? அந்தக் கணக்குத் தெரிந்தவர் ஆஸ்பத்திரியிலேயே அவர் ஒருத்தர்தானே!

அடுத்த வாரம் அந்த இன்னொரு ஆஸ்பத்திரி மிஷினுக்குப் பழைய கோபால்டை எடுத்துவிட்டுப் புதுசு போட்டார்கள். புதுசு போட்டால் எல்லா நோயாளிக்கும் எல்லாக் கணக்கையும் அடியிலிருந்து மாற்றவேண்டும். இரண்டு வாரத்துக்குமேல் அவர் அங்கேயே இருக்கும்படி ஆயிற்று. நானும் அந்தச் சமயம் நாகூர் கந்தூரிக்கு லீவு போட்டுவிட்டேன், அம்மா வீட்டில் சொந்தபந்தம் எல்லாம் கூடியிருந்தது. அதனால் நடந்ததைத் துரைராசு அழுதுகொண்டே சொன்னதை வைத்துத்தான் சொல்கிறேன். அவன் சொன்னதில் பாதியைத் தள்ளிவிட்டேன். மிச்சம் இது.

வீரையன் சங்கத்து ஆட்களைப் பத்துப் பதினைந்து பேரைக் கூட்டிக்கொண்டு வந்து மிஷின் அறை வாசலில் உட்கார்ந்துவிட்டான். சம நேரம் கொடுக்கிறவரைக்கும் எவரும் உள்ளே போகக்கூடாது. கத்தவில்லை, கல் எறியவில்லை. கமலாம்பாள் வீட்டுக் கார் வந்து வாசலில் நின்றுவிட்டுத் திரும்பிப் போயிற்று. மற்ற நோயாளிகள் வராந்தாவில் சுருண்டு கிடந்தார்கள். நாகநாதன் டாக்டர் துரைராசுவைத் தனியே கூப்பிட்டு, “போலீசைக் கூப்பிட்டா பேப்பர்ல வந்துடும். எப்படியாவது சமாளிச்சு அனுப்புப்பா” என்று சொல்லிவிட்டு ஆபரேஷன் தியேட்டருக்குள் நுழைந்துவிட்டார். எப்படியாவது என்றால் எப்படி? அதை அவர் சொல்லவில்லை. துரைராசு வைத்தியலிங்கத்துக்கு ட்ரங்க் கால் போட்டுப் பார்த்தான், கிடைக்கவில்லை. கிடைத்திருந்தாலும் அவர் அங்கே மிஷின் அறைக்குள் இருந்திருப்பார். போன் இருப்பது ஆபீஸில்.

துரைராசு பயந்த சுபாவம். கெட்டவன் இல்லை. கொஞ்ச நேரம் கூட வைத்தால் என்ன குடி முழுகிவிடும், நல்லதுதானே என்று நினைத்தானாம். மிராசு அம்மாவுக்கு வைக்கிற நேரத்தையே சுந்தரிக்கும் வைத்தான். வெளியே பத்துப் பதினைந்து பேர் ஒரே குரலில் எண்ணினார்கள். எண்ணிக்கை சரியாக வந்ததும் கை தட்டினார்களாம். அன்றைக்கு ஒரு நாள் என்றுதான் ஆரம்பித்தான். மறுநாள் குறைத்தால் மறுபடி உட்காருவார்களே! வைத்தியலிங்கம் திரும்பி வருகிறவரை தினமும் அதே நேரத்தை வைத்தான்.

அவர் வந்த அன்று நானும் டூட்டிக்குத் திரும்பிவிட்டேன். சுந்தரி பெஞ்சிலிருந்து எழுந்து வந்து சிரித்தபடி அவரை நிறுத்தினாள்.

“சார், நீங்க இல்லாதப்ப எல்லாம் சரியாயிடுச்சுங்க. இப்ப எனக்கும் அந்தம்மாவுக்கு வர்ற அதே எண்ணிக்கை வருதுங்க. இனிமே எங்க வீட்டுக்காரரு உங்ககிட்ட சண்டைக்கு வரமாட்டாருங்க.”

அவர் முகம் போன போக்கை நான் பார்த்தேன். வெளிறிப் போயிற்று. பெட்டியை அப்படியே தரையில் வைத்துவிட்டு உள்ளே போனார். துரைராசு அழுகிற சத்தம் வெளியே கேட்டது. பிறகு என்னைக் கூப்பிட்டு, அவளைத் திரைக்குப் பின்னால் பார்க்கச் சொன்னார். பார்த்தேன். அடிவயிற்றுத் தோல் கன்றிக் கறுத்து உரிந்துகொண்டிருந்தது. யா அல்லா! “எரியலையாடி?” என்று கேட்டேன். “எரியுதுக்கா. வெளிய போகவும் ரெத்தமா இருக்கு. சொன்னா அது மறுபடி சண்டைக்குக் கெளம்பும்னு சொல்லலை” என்றாள்.

நாகநாதன் டாக்டர் அறையில் பேசியது எனக்குக் கேட்டது. நான் கேட்கிற மாதிரிதான் நின்றிருந்தேன், அதில் என்ன வெட்கம்.

“மிஷின் ரிப்பேர்னு சொல்லிக் கொஞ்ச நாள் நிறுத்துங்க வைத்தியலிங்கம். பிறகு மிச்சத்தைக் குறைச்சு முடிச்சுடலாம். அவனுககிட்ட இதையெல்லாம் சொன்னா ஆஸ்பத்திரியைக் கொளுத்திடுவானுங்க.”

“அவங்களுக்குத் தெரியணும் சார். நாளைக்கு உள்ள புண்ணு வந்தா எதனாலன்னு தெரியாம எங்கெங்கயோ அலைவாங்க.”

“உங்க அப்பா பேரையும் சேர்த்துத்தான் இழுப்பானுங்க.”

“இழுக்கட்டும்.”

நேரே வராந்தாவுக்கு வந்தார். வீரையனும் இரண்டு மூன்று சங்கத்து ஆட்களும் உட்கார்ந்திருந்தார்கள். பெஞ்சில் வழக்கமான கூட்டம். அவர் நின்றுகொண்டே சொன்னார்.

“உங்க வீட்டம்மாவுக்குத் தப்பா அளந்துட்டோம். அதிகமா வச்சுட்டோம். இதை இப்ப நிறுத்தணும். புண்ணு ஆறினதும் மிச்சத்தைக் குறைச்சுக் கணக்குப் போட்டு முடிக்கணும். பின்னாடி குடல்ல தொந்தரவு வரலாம். வந்தா உடனே இங்க கூட்டிட்டு வாங்க.”

வீரையன் எழுந்தான். “அதிகமாவா? கேட்டுக்குங்கப்பா! ஏழைக்கு அதிகமா அளந்துட்டாங்களாம்! எங்க பாட்டன் காலத்துலேர்ந்து எங்களுக்குக் கொறச்சலாத்தான்யா வந்திருக்கு. அதிகமா வந்து ஒருத்தனும் பாத்ததில்ல. இனிமே கொறைக்கணும், அதுக்குத்தானே இந்த வேஷம்?”

“நாத்துல தண்ணி தேங்கினா அழுகிடும்ல? அது மாதிரி…”

“நாத்தைப் பத்தி எனக்குச் சொல்ல வராதே! நீ காயாரோகணம் மவன்!” அவன் சுந்தரியின் கையைப் பிடித்தான். “எழுந்திரு. இவன் கையால ஒண்ணும் வேணாம். ஊருக்குப் போவோம்.”

பாதி வைத்தியத்தில் போனால் அவள் கதி என்ன என்று எனக்குத் தெரியும். புண்ணும் மிச்சம், புற்றும் மிச்சம். அவன் நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு வார்த்தை கேட்கலாம் என்று வாயைத் திறந்தேன். அதற்குள் சுந்தரி கையை உதறிக்கொண்டாள்.

“இந்தாய்யா, செத்த சும்மா இரு. நீ எத்தினி களம் பாத்திருக்கே? அளந்தவன் எவனாச்சும் எதுக்க வந்து நின்னு, தப்பா அளந்துட்டேன்னு சொல்லி நீ கேட்டிருக்கியா? நான் கேட்டதில்ல. இவரு சொல்றாரு. எனக்கு எரியுது. அதை நான் உங்கிட்ட மறைச்சேன், இவரு மறைக்கலை. நான் வரமாட்டேன். நீ வேணா போ.”

வீரையன் போகவில்லை. சுவரோரம் உட்கார்ந்தான். வைத்தியலிங்கத்தை முறைத்தபடியே இருந்தான். நம்பவில்லை என்பது முகத்தில் எழுதி ஒட்டியிருந்தது.

அவளுக்கான புதுக் கணக்கை வைத்தியலிங்கம் மூன்று முறை போட்டார். அதைச் சரிபார்க்க ஊரில் இன்னொரு ஆள் ஏது? போஸ்டாபீசில் ட்ரங்க் கால் போட்டு, பகல் முழுக்க உட்கார்ந்து, பம்பாயில் கூடப் படித்த ஒருவரிடம் ஒவ்வொரு எண்ணாகச் சொல்லிச் சரிபார்த்துக்கொண்டு வந்தார். புண் ஆறியதும் மிச்ச வைத்தியம் நடந்தது. அந்த நாட்களில் அவர் மிஷின் பக்கத்திலேயே நின்றார். இன்னொரு ஆஸ்பத்திரிக்குப் போகமாட்டேன் என்று எழுதிக் கொடுத்துவிட்டார். நடந்ததெல்லாம் மேலிடம்வரை போயிற்று. அதன் பலன், துரைராசுவைத் தண்ணியில்லாத காட்டுக்கு மாற்றினார்கள், வைத்தியலிங்கத்துக்கு ஒரு மெமோ வந்தது. சம்பவ நாட்களில் நீர் பணியிடத்தில் இல்லாதது ஏன் என்று விளக்கம் கேட்டிருந்தார்கள்! அவரை அங்கே அனுப்பியதும் அவர்கள், இங்கே ஏன் இல்லை என்று கேட்பதும் அவர்கள். அந்தக் காகிதத்தைக் கிழித்துப்போடுங்கள் சார் என்று நான் கத்தினேன். “அவங்க கேட்கறதுல தப்பில்ல சிஸ்டர். நான் இங்க இல்லைதானே” என்றார். என்ன ஜன்மமோ என்று தலையில் அடித்துக்கொண்டேன்.

சுந்தரிக்குப் புற்று போய்விட்டது. நிஜமாகவே போய்விட்டது. நாலு வருஷம் நடவுக்குப் போனாள், மகளைக் கட்டிக்கொடுத்தாள். பரிசோதனைக்கு வருகிறபோதெல்லாம் எனக்கு விரால் கருவாடும் வாய் ஓயாத கதையுமாக வருவாள். கமலாம்பாள் அதற்கு முன்பே காலமாகிவிட்டாள். அளவு சரியாக வைத்தும் நோய் விடவில்லை.

பிறகு சுந்தரிக்கு மலத்தில் ரத்தம் போக ஆரம்பித்தது. குடல் உள்ளுக்குள் சுருங்கி ஒட்டிக்கொண்டுவிட்டது. அறுவை செய்தார்கள். தாங்கவில்லை. எங்கள் வார்டிலேயே, நான் தலைமாட்டில் இருக்கும்போதே போய்விட்டாள். வீரையன் அழவில்லை. வண்டி பிடித்து ஊருக்குக் கொண்டு போனான்.

கருமாதி முடிந்து தலை மழித்த கோலத்தோடு ஒரு நாள் தனியாக வந்தான். வைத்தியலிங்கத்தின் அறை வாசலில் நின்றான். நான் உள்ளே கணக்குக் காகிதம் வாங்கிக்கொண்டிருந்தேன். வெளியே போகட்டுமா என்று பார்த்தேன். வைத்தியலிங்கம் வேண்டாம் என்று தலையசைத்தார்.

“உக்காருங்க.”

உட்காரவில்லை. “ஒண்ணே ஒண்ணு கேக்கணும். நெசத்தைச் சொல்லணும். நாங்க அன்னிக்கு வாசல்ல உக்காந்து, அந்த டெக்னீசியனு நேரத்தைக் கூட்டினானே… அதனாலதானே அவ கொடலு போச்சு? நான்தானே அவளைப் பொசுக்கினேன்?”

வைத்தியலிங்கம் மேஜைமேல் இருந்த பேனாவை எடுத்தார், மூடினார், வைத்தார். தசமபுள்ளிக்குப் பிறகு மூன்றாவது எண் ஒத்துவரவில்லை என்று ஞாயிற்றுக்கிழமை முழுக்கத் தண்ணீர்த் தொட்டி முன்னால் உட்கார்ந்திருக்கிற மனுஷர். கன்றிக் கறுத்த வயிற்றை நான் பார்த்துச் சொல்ல, அவர் கேட்டார். எவ்வளவு அதிகம் போயிற்று என்று அவருக்குத்தான் துல்லியமாகத் தெரியும்.

“இல்ல,” என்றார். “சரியான அளவு வச்சவங்கள்லயும் சில பேருக்குக் குடல் இப்படி ஆகும். அவங்களுக்கு எப்படியும் வந்திருக்கும். உங்களால வரலை.”

வீரையன் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். அப்பன் பேரைச் சொல்லி ஏதாவது கேட்பான் என்று நான் எதிர்பார்த்தேன். வாயைத் திறந்தான். திறந்த வாய் கோணிக்கொண்டு போயிற்று. கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு, அவள் செத்த அன்றைக்கும் அழாதவன், ஓவென்று அழுதான். அழுது முடித்துத் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, இரண்டு கையையும் கூப்பி அவரைக் கும்பிட்டுவிட்டுப் போனான்.

அந்த மனுஷர் சொன்னதிலேயே வீரையன் மறுபேச்சில்லாமல் நம்பியது அது ஒன்றைத்தான்.

எனக்கு மனசு கேட்கவில்லை. காலடிச் சத்தம் வராந்தாவைத் தாண்டியதும் கதவை ஒருக்களித்துச் சாத்தினேன்.

“சார், இப்ப நீங்க சொன்னது நெசமா?”

அவர் என்னைப் பார்க்கவில்லை. சட்டைக் கையால் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

“வெளிய யாரோ காத்துக்கிட்டிருக்காங்க பாருங்க சிஸ்டர்,” என்றார். “வரச் சொல்லுங்க.”